அம்மாவைப் பார்த்த டாக்டர்

அன்புள்ள மகளுக்கு,

மாமா எழுதுகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான்கே வரி. அப்பாவின் பொருள்களை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடுங்கள், எனக்கு எதுவும் வேண்டாம், கடைசியில் கஷ்டப்பட்டாரா என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய்.

கஷ்டப்படவில்லை, தாயே. கிளினிக்கில் இருந்தோம், காலை பதினொரு மணி இருக்கும். ஒரு பஸ் டிரைவரின் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்து, மூச்சை நல்லா இழுத்து விடுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அப்படியே மேஜைமேல் சாய்ந்துவிட்டான். டிரைவர் சட்டையைக்கூடப் போடாமல் என் அறைக்கு ஓடிவந்தார். நானும் நர்ஸும் இருபத்தைந்து நிமிஷம் மாற்றி மாற்றி நெஞ்சை அழுத்தினோம். பலனில்லை. அப்பாவை 'அவன்' என்று எழுதுவதைத் தப்பாக நினைக்காதே. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து வேறு மாதிரி கூப்பிட்டுப் பழக்கமில்லை.

அவன் அறையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. நோயாளிகள் அவனைப் பேசாத டாக்டர் என்றும் என்னைப் பேசுற டாக்டர் என்றும் சொல்வது உனக்குத் தெரியும். ஆனாலும் கூட்டமெல்லாம் அவன் கதவுக்கு முன்னால்தான். நான் நாலு ஜோக் அடித்து, மருந்து எழுதி அனுப்பிவிடுவேன். அவன் கைகட்டிக் காத்திருப்பான். சளி, இருமல் என்று ஆரம்பித்தவர், எழுந்து போகிற நேரத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு உண்மையான விஷயத்தைச் சொல்வார். மறுபடி உட்காரச் சொல்வான். ஆறு வாரமாக அவர்கள் எல்லோரும் என்னிடம் வருகிறார்கள். நேற்று தையல்கார அம்மா ஒருத்தி, அவர் இருந்தா நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிருப்பார் என்று சொல்லி அழுதாள். நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

இனி எழுதப்போவதை ஒன்பது வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும்.

அம்மா போன மறுநாள், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது நீ அவனைக் கேட்டாய். ஊருக்கே வைத்தியம் பார்க்கிறீங்களே, ஒரே வீட்டுல இருக்கிற அம்மாவுக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியலையா என்று. அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அந்த வாரமே ஊரைவிட்டுப் போன நீ, பிறகு அவனோடு பேசவே இல்லை.

அப்போது அவனுக்கு இரண்டடி பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். வாயே திறக்காமல்.

உன் அம்மாவைப் பார்த்தவன் அவன் இல்லை. நான். சொந்த வீட்டு ஆட்களைப் பார்த்தால் பாசம் கண்ணை மறைத்துவிடும் என்று, கிளினிக் திறந்தபோதே எங்களுக்குள் ஒரு பேச்சு. என் மனைவியை அவன் பார்ப்பான், உன் அம்மாவை நான் பார்ப்பேன். முதுகு வலிக்குது அண்ணா, சாப்பாடு இறங்க மாட்டேங்குது என்று, என்னைக் கூடப் பிறந்தவனாகவே நினைத்த உன் அம்மா என்னிடம் வந்தாள். வயசாகுதும்மா, வாயுத் தொல்லைதான் என்று சிரித்துக்கொண்டே சொல்லி வலி மாத்திரை கொடுத்தேன். நாலு மாசம். ஒரு ஸ்கேன்கூட எடுக்கச் சொல்லவில்லை. அவன் கேட்கும்போதெல்லாம், அண்ணன் பார்த்துட்டார், ஒண்ணுமில்லையாம் என்று சொல்லியிருக்கிறாள். அவள் கண்ணில் மஞ்சளைப் பார்த்துப் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவன் அவன்தான். அதற்குள் கணையத்துப் புற்றுநோய் ஈரல் வரை பரவியிருந்தது. முன்பே தெரிந்திருந்தாலும் பிழைத்திருப்பாளோ, மாட்டாளோ. அதற்கான வாய்ப்பை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவனிடம் சொன்னேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளினிக்குக்கு வந்தவன், தன்னிடம் முதலில் வந்த நோயாளியை என் அறைக்குக் கூட்டிவந்தான். இவருக்கு முதுகு வலி, நீ பாரு என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான். அன்று அந்த மனிதரை நான் ஒரு மணி நேரம் பார்த்தேன்.

உண்மையைச் சொல்லி உனக்கு இரண்டு முறை கடிதம் எழுதி அவனிடம் காட்டினேன். இரண்டையும் கிழித்துப்போட்டான். என் மேல கோவம்னா என்னைக்காவது வருவாடா, நான் அப்பா. உன் மேலன்னா வரவே மாட்டா, அப்புறம் அவ அம்மா பக்கத்துல உன்னை விட்டா அவளுக்குன்னு யாரு இருக்கா என்றான். அவன் நினைத்தது நடக்கவில்லை. நீ வரவில்லை. அவன் கிழிக்கட்டும் என்றேதான் கொண்டுபோய்க் காட்டினேனோ என்று இப்போது தோன்றுகிறது. தபால் பெட்டி கிளினிக் வாசலிலேயேதான் இருந்தது.

அவன் அறையைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். எதையும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, பிறகும் வேண்டாம் என்றால் சொல். நான் கண்ணில் படக்கூடாது என்றால் அன்று வரமாட்டேன், சாவியை நர்ஸிடம் கொடுத்துவிடுகிறேன்.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. உன் மகளுக்கு இப்போது ஆறு வயது. தாத்தா எப்படி இருப்பார் என்று கேட்கத் தொடங்கியிருப்பாள். அவளிடம் அவனைப் பற்றி நல்லபடியாகச் சொல், தாயே. பாட்டியின் நோயைக் கவனிக்காமல் விட்ட டாக்டர் யார் என்று கேட்டால், அது நான் என்று சொல்.

நீயும் குழந்தையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பாவோடு வேலை பார்த்தவன்