பொட்டு வைத்த மவுத்பீஸ்

நவம்பர் 10, 2025, திங்கள்

முதலில் ஒரு மன்னிப்பு. இது எனக்கென்று வந்த டைரி இல்லை. ஆயில் சப்ளையர் வருஷ ஆரம்பத்தில் எங்கள் லைன் மேனேஜர் ரங்கநாதன் சாருக்குக் கொடுத்தது. "எனக்கு எழுத எங்கமா நேரம்" என்று என் மேஜையில் போட்டுவிட்டுப் போனார். எட்டு மாதம் டிராயரில் கிடந்தது. எழுதும்படி என் வாழ்க்கையில் எதுவும் நடப்பதில்லை. இன்றும் நடக்கவில்லை. ஆனால் வாயால் சொல்ல வராததை எங்காவது வைக்க வேண்டியிருக்கிறது.

அம்மா இன்று மறுபடியும் கேட்டாள், "உங்க கம்பெனில இன்னாதான்டி செய்றீங்க?" குவாலிட்டி டிரெய்னியாக வேலைக்குச் சேர்ந்து ஒன்பது மாதம். மண்ணூரில் எங்கள் தெருவில் முதல் பட்டதாரி நான். நாங்கள் செய்வதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. கடலுக்கு அடியில் போகிறவர்கள் பல்லில் கடித்துக்கொண்டு மூச்சு விடுவார்களே, அந்த மவுத்பீஸ்தான் செய்கிறோம். கண்ணாடி மாதிரி சிலிகோன் ரப்பர். எங்கோ தீவுக் கூட்டத்தில் நாலு படகு வைத்திருக்கும் ஒரு கம்பெனி வாங்குகிறது. படகிலேயே ஒரு வாரம் தங்கி, தினம் நாலு தடவை கடலில் இறங்கி, மீன் பார்த்துவிட்டு ஏறுவார்கள்.

"மீன் பிடிக்கவா?"

"இல்லம்மா. பாக்க மட்டும். அங்க ஒரு சிப்பியக்கூட எடுக்கக் கூடாது."

"படகுலயே தூங்குவாங்களா? ஏன், அவங்களுக்கு வூடு இல்லியா?"

நவம்பர் 11

எழுதும்படி எதுவும் நடப்பதில்லை என்று நேற்று எழுதியது தப்பு.

படகுக் கம்பெனியின் ஹெல்கா மேடத்திடமிருந்து கம்ப்ளைன்ட். மூன்று பக்கம், ஏழு போட்டோ. புதன்கிழமை காலை இரண்டாவது டைவ். ஒரு அம்மா மேலே வந்து மவுத்பீஸைக் கழற்றினால் உதடு, பல் எல்லாம் சிவப்பு. நுரையீரலில் ரத்தம் என்று நினைத்துவிட்டார்கள். ஆக்சிஜன் கொடுத்து, பதினாறு விருந்தாளிகளையும் ஏற்றிக்கொண்டு, தீவுகளை எல்லாம் விட்டுவிட்டுப் பதினோரு மணி நேரம் ஓட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். டாக்டர் பார்த்துவிட்டு அந்த அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்றாராம். அப்புறம்தான் மவுத்பீஸைப் பார்த்திருக்கிறார்கள். ஓரத்தில் சிவப்புப் புள்ளி. இன்னும் இருபத்திரண்டு பீஸில் அதே மாதிரி.

ஆழத்தில் முதலில் மறைகிற நிறம் சிவப்புதானாம். அதனால் கீழே யாரும் கவனிக்கவில்லை. இங்கே டியூப் லைட்டுக்கு அடியில் நாங்கள் ஏன் கவனிக்கவில்லை என்று ஹெல்கா மேடம் கேட்கிறார். மரியாதையாகத்தான் கேட்கிறார்.

ரங்கநாதன் சார் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டார்.

"இது குங்குமம் மாதிரி கீதேமா" என்றார்.

நவம்பர் 13, வியாழன்

ஜோதி அக்காவை நிறுத்திவிட்டார்கள்.

நாலாம் நம்பர் பிரஸ், அதாவது சிலிகோனை அச்சில் வைத்து அழுத்துகிற மெஷின், ஓட்டுகிற அக்கா. கான்ட்ராக்ட். ஆறு வருஷமாக அந்த ஒரே பிரஸ். கம்பெனி பஸ்ஸில் பென்னலூரில் ஏறுவாள். மண்ணூரிலேயே ஏறி அவளுக்கு ஜன்னல் சீட்டில் என் பையை வைத்துக்கொண்டு வருவேன். "இன்னா கலை, இன்னிக்கு வாய தொறந்தியா, இல்ல அதுக்கும் பர்மிஷன் வேணுமா?" என்று தினமும் கேட்டுக்கொண்டேதான் உட்காருவாள். இந்தக் கம்பெனியில் என்னோடு பேச முயற்சி செய்கிற ஒரே ஆள்.

கேட்டில் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். ரிப்போர்ட் முடியும் வரை வர வேண்டாமாம். 'அச்சைச் சுத்தம் செய்யாமல் ஓட்டியது.' அதுதான் காரணம்.

இப்போது எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

ஆயுத பூஜை அன்று எல்லா பிரஸ்ஸுக்கும் பொட்டு வைத்தோம். தட்டு என் கையில். "படிச்ச பொண்ணு, புடவையில வந்துருக்கு, நீ புடிமா" என்றார் சார். ஃபிரேமில் வைத்தால் போதாதா? நாலாம் நம்பருக்கு மட்டும் அச்சையே திறந்து உள்ளே வைத்தார், ஏற்றுமதி அச்சு என்பதால். எக்ஸ்போர்ட்டுக்கு எக்ஸ்ட்ரா.

லீவு முடிந்து வந்த அன்று ஜோதி அக்கா துணியோடு நின்றாள். "சார், தொடச்சிட்டு ஓட்டட்டா?"

"பொட்டப் போய் யாராவது தொடைப்பாங்களா? மூணு நாள் இருக்கட்டும்மா. மேல காய்ஞ்சத மட்டும் ஊதி விட்டுட்டு ஓட்டு."

ஊதிவிட்டாள். ஓட்டினாள். பக்கத்தில் செக்லிஸ்ட்டோடு நின்றது யார்? 'அச்சு சுத்தமாக உள்ளதா?' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டது யார்? நான்தான். மூன்று பேர் நின்ற இடத்தில் ஒருத்திக்குத்தான் பாஸ் போயிருக்கிறது.

நவம்பர் 14

ஜன்னல் சீட்டில் பையை வைத்தேன். பழக்கம். பென்னலூர் வந்ததும் யாரோ "பையை எடும்மா" என்றார்கள்.

நவம்பர் 18

ரிப்போர்ட் எழுதும் வேலை எனக்கு. 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்க வேண்டும். ஐந்தாவது பதில்தான் மூல காரணம்.

நான் எழுதிப் பார்த்தது:
ஏன் சிவப்பு? அச்சில் குங்குமம்.
ஏன் குங்குமம்? பூஜை.
ஏன் பூஜை? விபத்து நடக்கக் கூடாது என்று.
ஏன் விபத்து நடந்தது? பூஜை செய்ததால்.

ஐந்தாவதுக்குப் போக பயமாக இருந்தது.

சார் படித்துவிட்டு, "இன்னாமா இது, கடவுள மாட்டி விட்டுருக்க" என்றார். பேனாவை எடுத்து எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒன்றே ஒன்று எழுதினார். ஆபரேட்டரின் கவனக் குறைவு. தீர்வு: ஆபரேட்டர் நீக்கப்பட்டார். "அஞ்சு ஏன் எல்லாம் எதுக்கு? ஒண்ணே போதும்."

நான் தலையாட்டினேன். எனக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான். ஆனால் என் ரிவ்யூவில் அவரே எழுதியிருக்கிறார்: 'வேலை நன்று. குறை: பேசுவதே இல்லை.' பிப்ரவரியில் என்னை நிரந்தரம் செய்வார்களா என்பது அந்த வரியில் தொங்குகிறது. பேசினால் நிரந்தரம். எதைப் பேசினால் என்று எழுதவில்லை.

நவம்பர் 19

ரிப்போர்ட்டோடு 'நிலைமையைக் காட்டும் போட்டோ' வேண்டும் என்று படிவத்தில் இருக்கிறது. பூஜை போட்டோ ஒன்று நோட்டீஸ் போர்டிலேயே ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. அலங்காரப் போட்டியில் எங்கள் லைனுக்கு முதல் பரிசு. அதில் சார் குனிந்து அச்சுக்குள் விரலை வைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் தட்டோடு நான், கண்ணை மூடிக்கொண்டு.

"இத வெக்கலாமா சார்?" இந்த வருஷம் நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி.

போட்டோவைப் பார்த்தார். "வெய்யேன். ஃபாரின்காரங்களுக்கு நம்ம கல்ச்சர் தெரியட்டும். என் மூஞ்சி கட் ஆவாத மாதிரி வெய்யி."

கட் ஆகாத மாதிரி வைத்தேன். விரலும் கட் ஆகவில்லை.

நவம்பர் 27

பதில் வந்தது. ஹெல்கா மேடத்துக்குப் போட்டோ ரொம்பப் பிடித்துவிட்டதாம். படகு முழுக்கக் காட்டினாராம். நடுவில் ஒரு பத்தி: 'படத்தில் அச்சுக்குள் விரல் வைத்திருப்பவர் ஒரு கண்ணாடி போட்ட ஐயா. நீக்கப்பட்ட ஆபரேட்டர் படத்தில் இல்லை. எங்களுக்குப் புரியவில்லை.'

கடைசியில்: மவுத்பீஸ் எப்படிப் பயன்படுகிறது என்று நேரில் பார்க்க ஐயாவும் தட்டு வைத்திருக்கும் பெண்ணும் ஜனவரியில் ஆறு நாள் படகுக்கு வர வேண்டும். அவர்கள் செலவு.

நடுப் பத்தியை சார் படித்த மாதிரி தெரியவில்லை. "படகுக்குக் கூப்டுறாங்கமா!" என்று பர்ச்சேஸ் ரூம் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். என்னைப் பார்த்து, "உனக்கு பாஸ்போர்ட் கீதா?" இல்லை. "அப்ப பரவால்ல" என்றார்.

எனக்கா அவருக்கா பரவாயில்லை?

டிசம்பர் 3

மழை. ஒரகடம் ரோட்டில் பஸ் இரண்டு மணி நேரம் தண்ணீரில் நின்றது. முப்பத்தெட்டு பேர், ஒரே இடத்தில், சுற்றிலும் தண்ணீர். ஒருத்தரும் மீனைப் பார்க்கவில்லை.

பென்னலூர் ஸ்டாப்பில் ஜோதி அக்கா வேறொரு கம்பெனி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தாள். பேக்கிங் வேலைக்கு ஒருநாள் ஆளாகப் போகிறாளாம். அழைத்தால்தான் வேலை. என்னைப் பார்த்துவிட்டு ஜன்னலைத் தட்டினாள். "இன்னா கலை, வாய்தான் இல்ல, போனுமா இல்ல?" என்று சிரித்தாள்.

நான் கண்ணாடியைத் திறக்கவில்லை. மழை என்று காட்டினேன். மழை நின்று பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

டிசம்பர் 16

சாருக்காகப் படகுப் படிவம் நிரப்பினேன். பதினான்கு பக்கம்.

நீச்சல் தெரியுமா? "போடு, ஆமான்னு." எவ்வளவு தூரம்? "அதெல்லாமா கேக்குறான்? நூறு மீட்டர் போடு." காதில் பிரச்சினை? இல்லை. கடல் பயம்? "எனக்கா!"

இந்தக் கட்டடத்தில் நீந்தத் தெரிந்த ஒரே ஆளாக இருந்தவள் ஜோதி அக்கா. ஏரியில் ஒரே மூச்சில் அடிமண் எடுத்து வந்து பந்தயம் ஜெயித்தவள். மவுத்பீஸ் நாற்பது மீட்டர் ஆழத்துக்குப் பொருந்தும் என்று சர்ட்டிபிகேட் டைப் அடிக்கிற நான் முட்டிக்கு மேல் தண்ணீரில் நின்றதில்லை.

கடைசிப் பக்கத்தில் படகின் விதிகள். பவளத்தைத் தொடாதே. கையுறை போடாதே, போட்டால் தொடத் தோன்றும். இதைப் படித்ததும் நின்றுவிட்டேன்: ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி. சேர்ந்து இறங்கியவரை விட்டுவிட்டு யாரும் தனியாக மேலே வரக் கூடாது.

'ஜோடியின் பெயர்' என்ற கட்டத்தை சார் காலியாக விடச் சொன்னார்.

ஜனவரி 18, 2026

சார் கிளம்பிவிட்டார். புது டைரி யாரும் தரவில்லை. முன்பக்கம் காலியாக விட்ட ஜனவரியில் எழுதுகிறேன். தேதி சரி, கிழமை தப்பு.

ஜனவரி 28

சார் வந்துவிட்டார். மூக்கு மட்டும் உரிந்திருக்கிறது. எல்லோரையும் கூப்பிட்டு நாற்பது நிமிஷம் போட்டோ காட்டினார். தீவு, தீவு, டைனிங் ஹால், தீவு. தண்ணீருக்கு அடியில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

யாரோ கேட்டார்கள், "சார், டைவ் அடிச்சீங்களா?"

"காது ஒத்துக்கலப்பா. பரவால்ல, மேல இருந்தே எல்லாம் தெரியிது." படிக்கட்டின் கடைசிப் படி வரை இறங்கினாராம். இடுப்பளவு.

ஆனால் ஒன்று உண்மை. கையோடு ஒரு டப்பா குங்குமம் கொண்டுபோய், மறுபடி வந்திருந்த அந்தச் சிவந்த உதட்டு அம்மா உட்பட எல்லாருடைய சிலிண்டருக்கும் பொட்டு வைத்திருக்கிறார். அவர்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்களாம். ரிப்போர்ட் முடிந்தது என்று ஹெல்கா மேடம் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டாராம். அடுத்த ஆர்டரில் மவுத்பீஸோடு பத்து டப்பா குங்குமமும், தனிப் பெட்டியில்.

எங்கள் பக்கத் தீர்வும் வந்துவிட்டது. பிரஸ் ஃபிரேமில் வட்டமாக மஞ்சள் ஸ்டிக்கர், 'பொட்டு இங்கே'. பயிற்சி கொடுத்தவர்: ரங்கநாதன். பயிற்சி பெற்றவர்கள்: எல்லாரும். நாலாம் நம்பரில் புதிதாக வந்த பெண் ஓட்டுகிறாள், தினம் கால் பெட்டி ரிஜெக்ட்.

முடிந்த ரிப்போர்ட்டில் ஒரு வரி மட்டும் அப்படியே இருக்கிறது. ஆபரேட்டர் நீக்கப்பட்டார்.

பிப்ரவரி 2

காலையில் சார் கூப்பிட்டார். மேஜைமேல் என் கன்பர்மேஷன் பேப்பர். படகுக்காரர்கள் கொடுத்த சாவிக்கொத்து ஒன்றை என் பக்கம் தள்ளினார். ரப்பர் திருக்கை மீன்.

"ரிப்போர்ட்ட நல்லா எழுதின. போட்டோ ஐடியா உன்னுதுதான், நான் மறக்கல. உனக்கு இன்னா வேணும், கேளுமா. எப்பவுமே கேக்க மாட்டியே."

கேட்டேன்.

அதற்குமேல் இன்று எழுத முடியவில்லை.

பிப்ரவரி 9

பஸ்ஸில் இன்று எனக்கு ஓர சீட்டுதான். ஜன்னல் பக்கம் இருந்தவள் வல்லம் வரும்வரை வாயை மூடவில்லை. "நீ போன் பண்ணாதது எனக்கு ஞாபகம் கீது கலை, சும்மா விட்டுருவேன்னு நெனைக்காத." விட வேண்டாம் என்றேன். "அடடே, பேசுதே!" என்றாள். எதனால் பாஸ் திரும்பி வந்தது என்று அவளுக்குத் தெரியாது. "கடல் காத்து பட்டதும் மனுஷனுக்கு புத்தி வந்துருச்சி போல" என்கிறாள். இருக்கட்டும்.

என் பேப்பரும் வந்தது. பயிற்சிக் காலம் இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பு. 'வேலை நன்று. குறை: பேச்சில் அடக்கம் தேவை.' இரண்டு தடவை படித்தேன். திருக்கை மீன் சாவிக்கொத்து பையில் தொங்குகிறது, சாவி இல்லாமல்.

அன்று விட்டதை எழுதிவிடுகிறேன். நின்றுகொண்டுதான் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மஞ்சள் ஸ்டிக்கர் சுருளைப் பார்த்துச் சொன்னேன்.

"சார், பொட்டு வெச்சது நீங்க. தட்டு புடிச்சதும், சுத்தமா கீதுன்னு டிக் போட்டதும் நான். தொடைக்கட்டான்னு கேட்டது ஜோதி அக்கா மட்டும்தான். அவங்க பாஸை திருப்பிக் குடுத்துடுங்க சார்."