அசை நின்ற கோடை

ஜூலை 9, புதன்

தொழுவத்துக்குள் நாற்பது டிகிரி. மின்விசிறிகள் சுடுகாற்றைத்தான் சுழற்றுகின்றன. பதினொரு மாடுகளும் படுக்காமல் நின்றபடி, நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கின்றன. எச்சில் கயிறு கயிறாகத் தரையில் ஒழுகுகிறது. ஒன்றுகூட அசை போடவில்லை. மதியத்தில் எப்போதும் கேட்கும் அந்த அரைக்கிற சத்தம் இல்லாமல், குடியிருந்தவர்கள் காலிசெய்துபோன வீடு மாதிரி இருந்தது.

பயமாக இருக்கிறது. யாரிடம் சொல்ல?

ஜூலை 11

பால் பாதியாகக் குறைந்துவிட்டது. மக்காச்சோள மாவைக் கூட்டிப் போட்டேன். விடியலில் கொஞ்சம் குளிர்ந்ததும் அடித்துப்பிடித்துத் தின்றன. உலர்புல்லை மோந்துகூடப் பார்க்கவில்லை.

ஜூலை 14

ஷாரா செத்துப்போனாள். இனி பத்து மாடுகள்தான்.

ஜூலை 15, செவ்வாய்

கொசாரா அக்கா வந்தார். இந்தப் பக்கத்துக்கு அவர்தான் மாட்டு டாக்டர். ருமென்காவும் காலையிலிருந்து தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறாள். அவளுடைய இடது விலாவில் காதை வைத்துக் கேட்கச் சொன்னார். வலது காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

குழாய் விட்டு வயிற்றுநீர் எடுத்தார். புளித்த நாற்றம். காரின் முன்பக்கத்தில் நுண்ணோக்கியை வைத்து, "பாரு ஸ்மில்யா" என்றார். பார்த்தேன். எதுவும் நகரவில்லை.

"நல்லா இருக்கிற மாடா இருந்தா இங்க நல்ல கிருமிங்க திருவிழாக் கூட்டம் மாதிரி நீந்திக்கிட்டிருக்கும். புல்லைச் செரிக்கவைக்கிறதே இதுங்கதான். வெயில்ல பட்டினி கிடந்துட்டு, குளிர்ந்த நேரமாப் பாத்து மாவை மட்டும் வாரித் தின்னுருக்கு. புளிப்பை அடக்குற எச்சிலும் தரையில போச்சு. நல்லதெல்லாம் செத்து, புளிப்புல கொழுக்கிற ரவுடிங்க மட்டும் மிச்சம்."

"மாவைக் கூட்டிப் போட்டது நான்தான் அக்கா."

"தெரியும். எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. அழுவாத. சமையல் சோடா கரைச்சு ஊத்தலாம். ஆனா செத்த கூட்டம் சோடாவுல திரும்பி வராது. நல்ல மாட்டு வயித்துநீர் வேணும், பத்து லிட்டராவது."

"எங்க கிடைக்கும்?"

அவர் ஆற்றுப் பக்கம் பார்த்தார். "பெரிய பண்ணையிலயும் இதே கதைதான். இந்த வாரம் நிம்மதியா அசை போடுற மாடு ஒண்ணே ஒண்ணுதான் என் கண்ணுல பட்டுச்சு."

யாருடைய மாடு என்று அக்கா சொல்லவில்லை. ஆற்றங்கரையில் வால்நட் மர நிழலில், புல்லைத் தவிர எதுவும் தின்னாத மாடு. நாங்கள் பிரிந்தபோது ராதிசாவ் எடுத்துக்கொண்ட ஒரே மாடு.

ஆறு வருடமாக அந்தத் தெருவில் நான் கால் வைத்ததில்லை. என் இடது காது கேட்காமல் போயும் அதே ஆறு வருடம்தான். அவன் கை.

நோவி சாத் நகரத்தில் படிக்கிற மகள் நெவெனாவுக்குப் போன் செய்தேன். கத்தினாள். "மாடு செத்தா சாகட்டும்மா. அப்பா வாசல்ல மட்டும் போய் நிக்காத!"

மற்ற ஒன்பதும் இன்னும் இரைத்துக்கொண்டிருக்கின்றன. நான் என்ன செய்ய?

ஜூலை 16

போனேன்.

கொசாரா அக்கா முன்னால் நடந்தார். ராதிசாவ் நிழலில் தர்பூசணி தின்றுகொண்டிருந்தான். கையில் கத்தி.

"அடடா, மகாராணி! வழி இன்னும் மறக்கல போல."

"மாட்டைப் பாக்க வந்தோம், உன்னை இல்ல" என்றார் அக்கா. என்ன வேண்டும் என்று சொன்னார்.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "என் மாடு தின்னதுலதான் அவ மாடு பொழைக்கணுமா? எடுத்துக்கங்க. எனக்கென்ன."

கத்தவில்லை. கை ஓங்கவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. குடித்தேன். கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அவன் மாட்டுக்குக் குழாய் விட்டு எடுத்ததைத் துணியில் வடிகட்டி, பால் கேனில் ஊற்றி, கம்பளி சுற்றினார் அக்கா. சூடு குறைந்தால் உள்ளே இருப்பவை செத்துப்போகுமாம். இந்த வெயிலில் கம்பளி! கேனை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உயிருள்ள பிராணி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. வந்ததும் ருமென்காவின் வயிற்றுக்குள் குழாய் வழியாக ஊற்றினோம்.

ஜூலை 17

ருமென்கா நிற்கிறாள். தின்னவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். மாவை நிறுத்திவிட்டேன். எல்லாவற்றுக்கும் சோடாத்தண்ணீர், முதுகில் குழாய்த்தண்ணீர்.

ஜூலை 18

விலாவுக்குள் சத்தம்! தூரத்து இடி மாதிரி உருண்டு வந்து அடங்கியது. மறுபடியும் உருண்டது. அக்கா ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் காட்டினார். நீந்துகின்றன. முட்டி மோதி, அவசர அவசரமாக. "குடியேறிருச்சு. இனி ரெண்டு வாரத்துக்கு மாவு வாசனைகூட ஆகாது" என்றார். அவர் தோளில் சாய்ந்து அழுதேன்.

மதியம் ராதிசாவ் வந்தான். வேலியைப் பிடித்துக்கொண்டு, "நம்ம மாடு எப்படியிருக்கு?" என்றான்.

நம்ம.

ஜூலை 19

வந்தான்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று வேலிக்கு உள்ளே வந்துவிட்டான். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். "உதவி செஞ்சவனுக்கு ஒரு வாய் சாராயம்கூடக் கிடையாதா?" கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? அந்த மாடு மறுபடியும் தேவைப்படுமோ என்றா? இல்லை. உடம்புக்குப் பழகிப்போயிருக்கிறது. அவன் குரல் கேட்டதுமே கை தானாகக் குப்பியைத் தேடுகிறது.

நெவெனாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 22

இன்றே எழுதிவிட வேண்டும்.

பால் கொடுத்துவிட்டுத் திரும்பினால் தொழுவக் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே அவன். ருமென்காவின் முன்னால் ஒரு வாளி மக்காச்சோள மாவு. அவள் மூக்கு அதற்குள்.

ஓடிப்போய் வாளியை உதைத்தேன். மாவெல்லாம் சாணத்தில்.

"என்னடி பண்ற? எலும்பும் தோலுமா நிக்குது, பட்டினி போட்டே கொன்னுருவ நீ!"

"வெளிய போ."

"என் மாட்டுத் தண்ணிலதான்டி அது—"

"வெளிய போ ராதிசாவ்."

கையை ஓங்கினான். அதே கை. நான் பின்வாங்கவில்லை. தைரியம் என்று சொல்ல மாட்டேன். பின்னால் ருமென்கா நின்றாள், நகர இடம் இல்லை. அவ்வளவுதான். "அடி. இன்னொரு காதும் போகட்டும். இந்தத் தடவை நான் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள அழமாட்டேன், ரோட்டுல நின்னு கத்துவேன்" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு? என் குரலாகவே இல்லை. மூத்திரம் போய்விடும்போல இருந்தது.

அவன் கை அப்படியே நின்றது. பிறகு துப்பிவிட்டுப் போனான்.

ஜூலை 23

இரண்டு வாய்தான் தின்றிருக்கிறாள், ஒன்றும் ஆகாது என்றார் அக்கா. பிறகு என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு நேராகப் போலீஸ் நிலையம் போனார். நான் சொல்லச் சொல்ல அங்கிருந்த பெண் எழுதிக்கொண்டாள். காதைப் பற்றியும் சொன்னேன்.

ஜூலை 26

பயம் போகவில்லை. நாய் குரைத்தால் எழுந்து நிற்கிறேன். வாசக்கதவுத் தாழை இரவில் மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நேற்று மழை. இடிக்கு உரியவரான இலியா புனிதரின் நாளில், சொல்லிவைத்ததுபோல் இடித்துக் கொட்டியது. பத்து மாடுகளும் படுத்துக்கொண்டு அசை போட்டன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கட்டிலில் சாய்ந்தவள்தான்.

முதல் பஸ்ஸில் நெவெனா வந்துவிட்டாள். தோளில் பையோடு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று உலுக்கினாள்.

"என்னம்மா இது? வாசக்கதவு தாழ்கூடப் போடாமக் கிடக்கு."

யோசித்துப் பார்த்தேன். ஆமாம். மறந்தேபோயிருக்கிறேன்.