படகுப் பாட்டை இப்போது சம்பத் பாடுகிறான்

அம்பத்தூர்,
28-8-1977, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மச்சான் ஷவுகத் அலிக்கு,

வேம்புலி எழுதுகிறேன். நானும் வசந்தாவும் சௌக்கியம். குவைத்தில் உன் உடம்பும் வேலையும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அவள் வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறாள். போன வாரம் பூந்தமல்லிக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை நன்றாகவே இருக்கிறது. என் சட்டையில் ஒரு பட்டன் இல்லை என்று அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.

போய்ச் சேர்ந்ததும் எனக்கு நாலு வரி எழுதினாய். அதற்குப் பிறகு ஐந்து மாதமாக ஒன்றும் இல்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் வெண்புறா இன்னிசைக் குழுவில் கையூம் பாய் உன் இடத்தில் பாட ஒருவனைக் கொண்டுவந்துவிட்டார். பெயர் சம்பத், கள்ளிக்குப்பத்துக்காரன். உன்னைவிட ஒரு சாண் உயரம். உன் கோட்டு அவனுக்குக் கை எட்டவில்லை என்று ஊதா நிறத்தில் புதுக் கோட்டு தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். எட்டு வருஷம் நீ நின்ற இடத்தில் அவன் நின்றதை முதலில் ஆவடியில் பார்த்தேன். எங்கேயும் சுருதி தப்பவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். தப்பியிருந்தால் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன்.

வசந்தாகூட ஒருநாள் துணி துவைக்கும்போது, நீ மேடைக்கு மேடை பாடிய படகுப் பாட்டை முணுமுணுத்தாள். நீ பாடுகிற மாதிரி இல்லை. சரணத்தின் முடிவில் அவன் ஓர் இழுப்பு இழுக்கிறான், அந்த மாதிரி. "யாரு பாட்டுடி அது?" என்று கேட்டேன். "பாட்டு நல்லா கீது, பாடறேன். அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கற?" என்றாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

இனி எழுதப்போவதை உன்னிடம் மறைக்க மனசு வரவில்லை. வேறு யாராவது எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

பதினான்காம் தேதி பாரிவாக்கத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். சாயங்காலம் நம் குழுவின் கச்சேரி. என்னோடு லேத்தில் நிற்கிற நாலு பேரைச் சத்தம் போடுவதற்கென்றே கூட்டிக்கொண்டு போனேன். சம்பத் மேடைக்கு வந்ததும் "ஷவுகத்தைக் கூப்பிடு" என்று கத்தினோம். அவன் எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் படகுப் பாட்டை எடுத்தான். வேறு எதைப் பாடியிருந்தாலும் பொறுத்திருப்பேன். எழுந்து மேடைக்குப் பின்னால் போய் ஆம்ப்ளிஃபயர் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

மைக் செத்தது. ஜனம் கூச்சல் போட்டது. அவன் நிறுத்தவில்லை மச்சான். பாடிக்கொண்டே கீழே இறங்கினான். பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நடுவில் போய் நின்று, வெறும் தொண்டையில் மூன்று சரணமும் பாடி முடித்தான். கூச்சல் போட்டவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். என்னோடு வந்த நாலு பேரும் கைதட்டினார்கள். உனக்குக்கூட இப்படித் தட்டியதில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது. வயர் அப்போதும் என் கையில்தான் இருந்தது.

கையூம் பாய் அதைப் பார்த்துவிட்டார். என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். அடிப்பார் என்று நினைத்தேன். "இன்னா வேம்புலி, உனுக்கு ஒண்ணுமே தெரியாதா? சம்பத்த இட்டாந்து உட்டதே ஷவுகத்துதான்பா. அவனுக்கு ஒரு வருசமா தொண்டைல நோவு. இன்னும் பாடினா பேச்சே பூடும்னு டாக்டர் சொல்ட்டாரு. பாட்டு நோட்டக்கூட இவன் கைலதான் குட்த்துட்டுப் போனான். மாசம் ரெண்டு லெட்டர் போட்டுச் சொல்லிக் குடுக்கறான். உன்னாண்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிக்கினான்" என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒரு வருஷமும் முதல் வரிசையில்தான் இருந்தேன். கேட்டுக் கேட்டுத் தலையாட்டியவனுக்கு அது தெரியவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், உன் தொண்டையை நினைத்து அழுவதற்கு முன்னால், அவனுக்கு மாதம் இரண்டு கடிதமா என்பதுதான் என் மனசில் ஓடியது. சைக்கிளில் உன்னைப் பின்னால் வைத்து ஊர் ஊராக மிதித்தவன் நான்.

அடுத்த ஞாயிறு சம்பத் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்கே தெரியும் அண்ணாத்தே. ஷவுகத் அண்ணனுக்காக இவ்ளோ கோவப்பட ஒரு ஆள் கீறாரேன்னு எனக்குப் பொறாமையாத்தான் இருந்திச்சு" என்றான். அவனுக்கும் பொறாமையாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ கொடுத்துவிட்டு, பாட்டில் எங்கே குறை என்று கேட்டான். இரண்டாம் சரணத்தில் மூச்சைக் கொஞ்சம் முன்னாலேயே வாங்கிக்கொள்ளச் சொன்னேன். நேற்றுத் திருமழிசையில் ஒரு கல்யாண வரவேற்பில் அப்படியே செய்தான். நன்றாக இருந்தது. இதை எழுதும்போது உனக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். நீ பாடாவிட்டால் நான் உன்னைத் தேடி வரமாட்டேன் என்று நினைத்துவிட்டாயோ என்பதுதான் உறுத்துகிறது.

குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. தூசியில் வேலையென்றால் வாயில் துணி கட்டிக்கொள். லீவு கிடைத்து வரும்போது தேதியை எனக்கு முதலில் எழுது. சம்பத்துக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். மீனம்பாக்கத்தில் நான் ஒருத்தனே வந்து நிற்கிறேன். நீ பாட வேண்டாம், பேசக்கூட வேண்டாம் மச்சான். பஸ்ஸில் பூந்தமல்லி வரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்து வா. அது போதும்.

ஆண்டவன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்
வேம்புலி