உப்புக் குவியல் மேல் உன் பேனர்

நண்பா,

இன்று மதியம் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. வாரிக் குவித்த உப்பை மூடப் படுதா போதவில்லை. உன் காரியம் முடிந்தும் பஸ் ஸ்டாண்டில் அவிழ்க்காமல் தொங்கிய இரங்கல் பேனரை என் மனைவி அஞ்சலை கேட்டு வாங்கி வந்தாள். விரித்தால் நீ சிரிக்கிறாய். கல்விக் கடல், கலை வள்ளல், நகரத் தந்தை என்று மூன்று பட்டம். மூன்றும் வடிகட்டின பொய். செத்தவனைப் பற்றி இப்படி எழுதக் கூடாதாம். உயிரோடு இருந்தபோது சொன்னதை மட்டும் நீ கேட்டாயா?

ஒரே பெஞ்சில் படித்தோம். நீ வரலாற்று வாத்தியார் ஆனாய், நான் அப்பாவின் உப்பளத்துக்கு வந்தேன். என் மகனுக்கு நீதான் பாடம் எடுத்தாய். வருடக் கடைசியில் பானிப்பட்டுப் போர் பற்றிக் கேட்டேன், திருதிருவென விழித்தான். ஆனால் நீ எடுக்கப்போகும் படத்தின் கதையை இடைவேளை வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தான். பாடம் எப்போதுதான் நடத்துவாய் என்று உன்னிடம் கேட்டேன். "அதான் கைடு இருக்குதேப்பா," என்றாய்.

பிறகு வேலையை விட்டுவிட்டு, தயாரிப்பாளர் என்று வெள்ளை பேன்ட்டில் வந்து நின்றாய். ஒரு பாட்டுக்கு என் அளம் வேண்டும் என்றாய். கொடுத்தேன், புத்தி கெட்டுப்போய். உப்புப் பாத்தியின் தரை சும்மா வருவதில்லை. ஈரச் சேற்றை நாள் கணக்கில் காலால் மிதித்து இறுக்க வேண்டும். அந்த வருடம் தை மாதம் முழுக்க அஞ்சலையும் இன்னும் இரண்டு பெண்களும் மிதித்தார்கள். அதனால்தான் பாத்திக்குள் யாரும் செருப்போடு இறங்குவதில்லை, அளத்துக்குச் சொந்தக்காரனான நானும் கழற்றிவிட்டுத்தான் இறங்குவேன்.

"செருப்ப கழட்டிட்டு எறங்கச் சொல்லுங்கண்ணா," என்று அஞ்சலை உன்னிடம் சொன்னாள். பெரிதாகத் தலையாட்டினாய். ஆட வந்த இருபது பேரும் குதிகால் செருப்போடு இறங்கினார்கள். நீ குடைக்குக் கீழே உட்கார்ந்து இளநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தாய். சாயங்காலம் பார்த்தால் பாத்தி முழுக்கக் குழி. அந்த வருட உப்பு சேறு கலந்து கறுப்பாக வந்தது, ஒருத்தரும் சீந்தவில்லை. அஞ்சலை வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அவள் முன்னால்தான் நீ சொன்னாய்: "நானே வந்து மிதிச்சுக் குடுக்கிறேன்ப்பா, சத்தியமா."

படம் ஒரு வாரம் தாண்டவில்லை. அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை.

நீ வந்தாய், இல்லை என்று சொல்லவில்லை. சில வருடம் கழித்து, பக்கத்து ஊர் நகராட்சித் தேர்தலில் நின்றபோது, போட்டோகிராபரைக் கூட்டிக்கொண்டு வந்தாய். வேட்டியை மடித்துக் கட்டிப் பாத்தியில் இறங்கினாய். அன்றைக்குச் செருப்பைக் கழற்றினாய், அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டடி வைத்ததும் வழுக்கியது. அஞ்சலை ஓடி வந்து உன் முழங்கையைப் பிடித்தாள். படம் எடுத்ததும் காலைக் கழுவிக்கொண்டு காரில் ஏறிவிட்டாய். அந்தப் படத்தைச் சுவர் சுவராக ஒட்டித்தான் தலைவர் ஆனாய். நீ தலைவராக இருந்த காலத்தில் உன் பேர் போட்ட அலங்கார வளைவு ஒன்று எழும்பியது. அதற்குக் கீழே சாக்கடைத் தண்ணீர் இன்றைக்கும் தேங்குகிறது.

பேனரிலும் அதே படம்தான். உன் முழங்கையில் நான்கு விரல்கள் தெரிகின்றன, ஆளைக் காணோம். அஞ்சலை குனிந்து பார்த்தாள். "என் கைய மட்டும் வெட்ட மறந்துட்டாங்க போல," என்றாள். பிறகு உன்னைக் குப்புறப் போட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்தாள். மழை பெய்தது. உப்பு நனையவில்லை.

அவளுக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை. தை பிறந்தால் அவள் பங்கையும் நான்தான் மிதிக்கிறேன். சேற்றில் கால் வைத்ததும் "நானே வந்து மிதிச்சுக் குடுக்கிறேன்ப்பா" என்ற உன் குரல் காதில் கேட்கும். கால் தானாக ஓங்கி இறங்கும். தரை நன்றாகவே இறுகுகிறது.