பலகையின் இரண்டாம் வரி

அன்பு மகளுக்கு,

இங்கு நாங்கள் இருவரும் நலம். அங்கு நீயும் உடலும் உள்ளமும் செம்மையாக இருப்பாய் என்ற துணிவில் தொடங்குகிறேன். உன் தந்தையாரின் இருமல் தணிந்துவிட்டது. அவர் வேலை பார்க்கும் தொழிற்பள்ளிப் பணிமனையின் கூரையோரச் சன்னல்களை நான் திறந்து வைத்துப் புகைக்கு வழி செய்ததே காரணம்; அவரோ தைலம்தான் என்று சாதிக்கிறார்.

அங்குள்ள பழைய எஞ்சினை நீ அறிவாய். பத்தே நிமிடத்தில் கொதிக்கிறது என்று பயிற்றுநர் அதை வெள்ளிக்கிழமை உடைக்கக் கொடுப்பதாக இருந்தார். "தண்ணிய தள்ள பம்பே இல்ல, அப்புறம் எப்படிம்மா குளிரும்?" என்பது அவர் வாதம். நூலகத்தில் அமர்ந்து எஞ்சின் வரலாறு அத்தனையும் படித்த எனக்கு வாய் சும்மா இருக்குமா? தொடக்கத்தில் சிலிண்டர் என்னும் உருளையைச் சுற்றித் திறந்த தொட்டிதான், நீர் ஆவியாக ஆக ஒருவர் நின்று ஊற்றுவார். பின்பு தனித் தொட்டியும் இரு குழாய்களும் வந்தன, சுட்ட நீர் இலேசாகி மேற்குழாய் வழியே தொட்டிக்கு ஏறும், ஆறிய நீர் கீழ்க்குழாய் வழியே எஞ்சினுக்குத் திரும்பும், பம்பு பரவலானது அதற்கும் பின்னர்தான் என்று மாணவர் முன்னிலையில் விளக்கி, வியாழனன்று ஓட்டிக் காட்டச் சொன்னேன். உன் தந்தையார் தொட்டியை நிரப்பினார். சூடானால் பொங்குமே என்று, பாலுக்கு விடுவது போல் ஒரு சாண் இடம் விடச் சொன்னவள் நான். எட்டாவது நிமிடமே கொதி வந்துவிட்டது. மாணவர் எவரும் சிரிக்கவில்லை, அதுதான் வலித்தது. உன் தந்தையார் காதருகே வந்து, "இத்தன புத்தகத்த பாத்தியே, தொட்டிய எட்டிப் பாத்தியாடி?" என்றார். பார்த்தேன். நீர்மட்டம் மேற்குழாயின் வாய்க்கு நான்கு விரல் கீழே நின்றது. நீர் சுற்றி வர வழியே இல்லை; இதுவரை கொதித்து வந்ததற்கும் இதே குறைதான் காரணம் போலும்.

என் கௌரவத்துக்காக ஓர் எஞ்சின் சம்மட்டிக்குப் போவது முறையன்று. பிழை என்னுடையது என்று உரக்கச் சொன்னேன். சூட்டில் குளிர்நீர் பட்டால் உருளை விரிசல் விடும் ஆகையால், நன்றாக ஆறவிட்டு, குழாயின் வாய் மூழ்க நிரப்பினோம். பிற்பகல் முழுதும் ஓடிற்று. பயிற்றுநர் தொட்டியைத் தடவிப் பார்த்து, "மேல சுடுது, கீழ ஜில்லுனு இருக்கு. சரி, இது இங்கயே இருக்கட்டும்மா. பக்கத்துல மாட்ட ஒரு பலகை மட்டும் நீங்களே எழுதிடுங்க" என்றார்.

எழுதினேன்: "நீர்மட்டம் மேற்குழாயின் வாயை மூடி நிற்க வேண்டும். இதை மறந்தவர், இதை எழுதியவரே." உன் தந்தையார் அந்த இரண்டாம் வரியை மட்டும் தினமும் துணியால் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறார்.

வேளைக்கு உண், பணியிடத்தில் தவறு நேர்ந்தால் பிறர் கண்டுபிடிக்குமுன் நீயே சொல்லிவிடு. எல்லா நலமும் பெற்று நீடு வாழ்க.

உன் நலமே நினைந்திருக்கும்,
அம்மா