தடித்த கம்பி

மார்ச் 3

அன்புள்ள வாலுவுக்கு,

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் அடுத்தவருக்கு வந்ததைக்கூடக் கடைசி வரி வரை படிப்பவள் நீ. அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமைக் கச்சேரியை இன்னும் மறக்க முடியவில்லை. மெதுவான பகுதியை உன் செல்லோ தனியாகத் தொடங்க வேண்டும். நாங்கள் மூன்று பேரும் வில்லைத் தூக்கிப் பிடித்துக் காத்திருக்கிறோம். நீ தடித்த கம்பியில் வில்லை வைத்தாய். ஒரு சுரம் கீழே இறங்கி நின்றது! நீ புதிதாகச் சேர்ந்திருக்கும் அந்த டிரம்ஸ் கோஷ்டிக்காக இறக்கிய கம்பியை ஏற்றாமலே மேடைக்கு வந்திருக்கிறாய். முன்வரிசையில் ஒருவர் சிரித்தேவிட்டார். நாம் நால்வரும் ஒன்பது வருடம் வாசித்துச் சேர்த்த பெயர் அது.

அரங்கத்தார் 14ஆம் தேதி மறுபடி கேட்க வருகிறார்கள். பிடித்தால் மூன்று வருட ஒப்பந்தம். நாங்களா, டிரம்ஸா? இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடு.

உன் அண்ணன்

மார்ச் 5

அன்புள்ள அண்ணா,

கம்பியை ஏற்ற மறந்தது என் தப்புதான். பகல் முழுக்க டிரம்ஸ்காரர்களோடு ஒத்திகை, பஸ்ஸும் தாமதம். காது இரண்டும் ஙொய் என்று அடைத்துப்போய்த்தான் ஓடி வந்தேன். மன்னித்துக்கொள்.

ஆனால் ‘நாங்களா, டிரம்ஸா’ என்று கேட்கிறாயே! நான் சினிமாவுக்கு வாசித்தபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். நடனக் குழுவுக்குப் போனபோது, “குதிக்கிறவங்களுக்கு எதுக்குடி செல்லோ?” என்றாய். நம் நால்வரில் பாதி நேரம் உன் வயலின் கதை சொல்கிறது, என் செல்லோ ஊம் கொட்டுகிறது. அதுவும் எனக்குப் பிடிக்கும். ஆனால் எனக்கென்றும் கதை இருக்கிறது, அண்ணா. என் சொந்த ஆல்பம் மே மாதம் வருகிறது. அதற்காக உங்களை விட்டுவிட மாட்டேன். 14ஆம் தேதி கட்டாயம் வருகிறேன் என்று மற்ற இருவரிடமும் வாக்குக் கொடுத்தாயிற்று.

ஒன்றுதான் உறுத்துகிறது. மேடைக்குப் போகும் முன் எல்லார் கம்பியையும் நீதானே கேட்பாய்? அன்றும் நான்கையும் தட்டிக் காட்டினேன். சரி என்று தலையாட்டினாய். உனக்குமா கேட்கவில்லை?

உன் வாலு

மார்ச் 7

வாலுவுக்கு,

நன்றாக இருக்கிறது நியாயம். உன் கம்பிக்கு நான் என்ன காவல்காரனா? அறையில் ஒரே சத்தம். நம் வயோலாக்காரர் வேறு தும்மித் தீர்த்துக்கொண்டிருந்தார். அதில் யாருக்கு என்ன கேட்கும்?

ஆல்பத்துக்கு வாழ்த்துகள்.

அண்ணன்

மார்ச் 8

அண்ணா,

வயோலா அண்ணனிடம் பேசினேன். “தும்மலா? நான் அப்ப உள்ளயே இல்லம்மா. வெளிய நின்னு பொண்ணுகிட்ட போன் பேசிட்டிருந்தேன்” என்றார். இரண்டாம் வயலின் அக்கா கழிப்பறையில் இருந்தாளாம். அப்படியென்றால் அறையில் நீயும் நானும்தான்.

சுற்றி வளைக்காதே. கேட்டதா, இல்லையா?

மார்ச் 10

அன்புள்ள தங்கைக்கு,

கேட்டது. நீ தட்டியவுடனேயே கேட்டது.

நீ சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாய். செல்லோப் பெட்டியில் அந்தக் கோஷ்டியின் ஸ்டிக்கர். எங்கள் ஒத்திகைக்கு நீ அப்படிச் சிரித்துக்கொண்டு வந்து எத்தனை மாதம் ஆயிற்று! எனக்கு வயிறு எரிந்தது. ஒரு தடவை எல்லார் முன்னாலும் சறுக்கினால் புத்தி வந்து எங்களோடே இருந்துவிடுவாய் என்று நினைத்தேன். தலையாட்டினேன். நீ வில்லை வைக்கும்வரை சொல்லிவிட நேரம் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. பிறகு உன்னையே குற்றம் சாட்டிக் கடிதமும் எழுதினேன்.

வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடு.

அண்ணன்

மார்ச் 12

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை ஒத்திகைக் கூடத்து மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன், அழுகைதான் வந்தது. டிரம்ஸ்காரர் பதறிப்போய், “யாருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார். அண்ணனிடமிருந்து கடிதம் என்று மட்டும் சொன்னேன்.

நீ பொறாமைப்பட்டது பெரிதில்லை. உனக்குக் கைதட்டும்போது நானும் பட்டிருக்கிறேன். ஆனால் ஏழு வயதிலிருந்து, என் காதுக்கு என்ன கேட்டாலும், நீ தலையாட்டிய பிறகுதான் எனக்குச் சுருதி சேர்ந்ததாக அர்த்தம். அன்றைக்கும் ஏதோ உதைக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. அண்ணனே சரி என்றானே என்று விட்டுவிட்டேன்.

தங்கையாக உன்னை மன்னித்துவிட்டேன், நிஜமாகத்தான். 14ஆம் தேதிக்குப் பிறகு உன் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கத்தான் முடியாது. அரங்கத்தாரிடம் காலையில் நானே பேசிவிட்டேன், இந்தக் கச்சேரிக்குப் பிறகு செல்லோவுக்கு வேறு ஆள் வருவார் என்று. பரவாயில்லை, கேட்க வருகிறோம் என்றார்கள்.

14ஆம் தேதி நேரத்துக்கு வந்துவிடுவேன். நன்றாகவே வாசிப்பேன், கவலைப்படாதே. மேடை ஏறும் முன் என் கம்பிகளை நானே பார்த்துக்கொள்கிறேன். நீ கேட்க வேண்டாம்.

தங்கை