வேலை நாள் மாத்திரை

மார்ச் 4

அன்புத் தங்கச்சிக்கு,

நலமா? ஊரார் நலமாயிருந்தால் மருந்துக்கடைக்காரி உன் பிழைப்பு கெட்டுவிடும், அதனால் உன் நலம் மட்டும் எழுது. ஃபோனில் பேசினால் என் இருமல்தான் பேசுகிறது, அதனால் கடிதம்.

டாக்டர் கொடுத்த மாத்திரையில் பிரஷர் இறங்கியது, வறட்டு இருமல் ஏறியது. மைக்கில் "இரண்டாவது நடைமேடையில்..." என்று ஆரம்பித்தால் மீதியை இருமல் சொல்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர், "என்னய்யா, வண்டிக்கு முன்னாடி உன் இருமல் வந்து நிக்குது?" என்கிறார். பார்சல் அறைக்கு மாற்றிவிடுவாராம். மைக்கை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்? அதனால் வேலை நாளில் மாத்திரை கிடையாது, லீவு நாளில் மட்டும் போடுகிறேன். எப்படி என் மூளை?

அண்ணன்

மார்ச் 15

அண்ணா,

உன் மூளையைக் குப்பையில் போடு. உடம்பில் ரத்தக்குழாயை இறுக்கும் ஒரு பொருள் உண்டாகிறது. அதை உண்டாக்கும் ஆளை உன் மாத்திரை கட்டிப்போடுகிறது, குழாய் தளர்கிறது. ஆனால் தொண்டையை உறுத்தும் இன்னொரு பொருளைக் கூட்டி வெளியே தள்ளுவதும் அதே ஆள்தான். அவன் கட்டுண்டு கிடந்தால் அது சேர்ந்து சிலருக்கு இருமல் வரும். மாத்திரையை விட்டாலும் இருமல் போகச் சில வாரம் ஆகலாம். பிரஷர் காத்திருக்காது.

வேறொரு வகை இருக்கிறது. அது அந்த ஆளைக் கட்டாமல், இறுக்கும் பொருளை உண்டாகவிட்டு, குழாயின் வாசலில் மறித்துவிடும். அதில் இருமல் அநேகமாக வராது. டாக்டரிடம் "இருமுது, மாத்துங்க" என்று சொல். ஊருக்கே அறிவிப்பவனுக்கு இந்த ரெண்டு வார்த்தை வராதா? அதுவரை நிறுத்தாதே.

உன் தங்கச்சி

ஏப்ரல் 2

தங்கச்சி,

டாக்டரிடம் போனேன். "ஒழுங்கா போடுறீங்களா?" என்றார். தலையாட்டிவிட்டேன். இருமலைச் சொன்னால் நிறுத்தியதையும் சொல்ல வேண்டுமே! பிரஷர் கூடியிருக்கிறது என்று அதே மாத்திரையில் பெரியதாக எழுதிக் கொடுத்தார். அது அலமாரியில் தூங்குகிறது.

இப்போது அடியோடு விட்டுவிட்டேன். இருமல் குறைந்துவிட்டது. நேற்று ஒரு வண்டியை முழுசாக அறிவித்தேன். பின்மண்டை மட்டும் கனக்கிறது. ஃபோன் பண்ணாதே, திட்டுவாய்.

அண்ணன்

ஏப்ரல் 9

அண்ணா,

ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டேன். அண்ணி உயிரோடு இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன். உன் பக்கத்து வீட்டு நம்பர்கூட என்னிடம் இல்லை, கடைக்கு வேறு ஆளில்லாமல் கிளம்பி வரவும் முடியவில்லை. இங்கே யார் யாருக்கோ மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன், உன் வாயில் ஒன்றைப் போட வழியில்லை. அழுகையாக வருகிறது. உன் காலில் விழுகிறேன், இன்றே டாக்டரிடம் உண்மையைச் சொல்.

தங்கச்சி

மே 20

தங்கச்சி,

இடது கை எழுத்து. கோணலைப் பொறுத்துக்கொள். வார்த்தை தேடித் தேடித்தான் வருகிறது.

உன் கடிதம் வந்தபோது நான் ஆஸ்பத்திரியில். மைக் முன்னாலேயே விழுந்தேனாம். வலது கை, கால் அசையவில்லை. நீ சொன்ன வகை மாத்திரைதான் இப்போது தருகிறார்கள்.

இருமல் நின்றுவிட்டது. பேச்சும்.

இனி ஃபோன் பண்ணு. எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறேன். நீ திட்டு.

அண்ணன்